சம்மதம் வாங்கித் தந்த தாய்: கேத்தே கோல்விட்ஸின் 18 ஆண்டுகள், ஒரு நிகழ்வு ஆய்வு

முதல் உலகப் போரில் மடிந்தவர்களுக்கு ஐரோப்பா முழுக்க நினைவுச்சின்னங்கள் இருக்கின்றன. பெரும்பாலும் அரசோ ஊரோ படைப்பிரிவோ எழுப்பியவை. பெல்ஜியத்தின் மேற்கே, ஃப்ளாட்ஸ்லோ என்ற சிற்றூர் அருகே உள்ள ஜெர்மன் போர்வீரர் கல்லறையில் இருக்கும் இரண்டு கற்சிலைகள் அந்த வகையில் சேராதவை. அங்கே புதைக்கப்பட்ட ஒரு பையனின் அம்மா செய்தவை அவை. அவர் பெயர் கேத்தே கோல்விட்ஸ். ஜெர்மனியின் பெரிய ஓவியர்களில் ஒருவர். மகன் பேட்டர் 1914 அக்டோபரில் இறந்தான். அந்த டிசம்பரிலேயே நினைவுச்சின்ன வேலையில் இறங்கியவர், 1932 ஜூலையில்தான் அதை மகனின் கல்லறையில் நிறுத்தினார்.

நடுவில் ஏறக்குறைய 18 ஆண்டுகள். ஏன் இவ்வளவு காலம் ஆனது? பணமில்லை, நேரமில்லை, கல்லில் வேலை செய்து பழக்கமில்லை என்று காரணங்கள் சொல்லலாம். சிற்பம் அவருக்குப் பிந்திக் கைவந்த கலைதான். ஆனால் அவருடைய நாட்குறிப்புகளைப் படிக்கும்போது தடை வேறு இடத்தில் இருந்தது தெரிகிறது. மகன் போருக்குப் போனதில் தனக்கும் ஒரு பங்கு இருந்தது என்பது அவருக்குத் தெரியும். அந்தப் பங்கை என்ன செய்வது என்று தீர்மானமாகும் வரை சிலைக்கு உருவம் கிடைக்கவில்லை. இந்த ஆய்வு அதைத்தான் பின்தொடர்கிறது.

அந்த ஒரு மாலை

கோல்விட்ஸ் குடும்பம் பெர்லினில் தொழிலாளர்கள் நெருக்கமாக வாழ்ந்த பிரென்ஸ்லாவர் பெர்க் பகுதியில் குடியிருந்தது. கணவர் கார்ல் ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்த மருத்துவர். சமூக ஜனநாயகக் கருத்துகளில் பிடிப்புள்ளவர். மூத்தவன் ஹான்ஸ், 1892இல் பிறந்தவன். இளையவன் பேட்டர் பிறந்தது 1896 பிப்ரவரி 6. அவனுக்கு ஓவியனாக வேண்டும் என்று ஆசை.

1914 ஆகஸ்டில் போர் மூண்டபோது பேட்டர் தோழர்களுடன் நார்வேயில் மலையேறிக்கொண்டிருந்தான். செய்தி கேட்டதும் திரும்பி வந்து, படையில் சேரப் போகிறேன் என்றான். வயது 18. அவன் வயதுக்காரர்களை அரசு இன்னும் அழைக்கவில்லை. தானாகப் போய்ச் சேர வேண்டுமானால் அப்பாவின் சம்மதம் தேவை. கார்ல் கொடுக்க மறுத்தார்.

ஆகஸ்ட் 10ஆம் தேதி மாலை வீட்டில் நடந்ததை கேத்தே அன்றைய குறிப்பில் ஒளிவுமறைவில்லாமல் எழுதிவைத்திருக்கிறார். நாட்டுக்கு நீ இப்போது தேவையில்லை, தேவைப்பட்டால் அழைத்திருக்கும் என்று கார்ல் சொல்கிறார். என் வயதுக்காரர்கள் தேவையில்லாமல் இருக்கலாம், நான் தேவை என்று பேட்டர் அமைதியாக, ஆனால் உறுதியாகப் பதில் சொல்கிறான். சொல்லிவிட்டு அம்மா பக்கம் திரும்பி, எனக்காகப் பேசுங்கள் என்று கண்ணாலேயே கெஞ்சுகிறான். முன்பு தன்னைக் கட்டியணைத்தபோது, என்னைக் கோழை என்று நினைக்காதே, நாங்கள் தயாராகத்தான் இருக்கிறோம் என்று அம்மா சொன்னதை நினைவுபடுத்துகிறான். அவர் எழுந்து போகிறார். பையன் பின்னாலேயே வருகிறான். வாசற்படியில் நின்று இருவரும் அணைத்துக்கொள்கிறார்கள். பிறகு அவர் கணவரிடம் போய்ப் பேட்டருக்காகக் கேட்கிறார்.

கார்ல் இறங்கிவந்தார்.

கோல்விட்ஸைப் பற்றிய சில கட்டுரைகள் இந்த இடத்தை அவசரமாகத் தாண்டிவிடுகின்றன. போரை வெறுத்த கலைஞர் என்று பெயர் பெற்றவர் மகனுக்காகச் சிபாரிசு பேசினார் என்பது எழுதுகிறவர்களுக்குச் சங்கடமாக இருக்கலாம். ஆனால் இந்த மாலையை விட்டுவிட்டால் அடுத்த 18 ஆண்டுகளில் எதுவும் புரியாது. அன்றைய பெர்லினில் மாணவர்கள் பாடிக்கொண்டே படையில் சேரப் போனார்கள். சமூக ஜனநாயகக் கட்சியே போர்க் கடனுக்கு ஆதரவாக வாக்களித்திருந்தது. பேட்டர் வெறிபிடித்தவன் அல்ல, லட்சியம் பேசுகிற பையன். அவனுடைய லட்சியத்தை மதிக்க வேண்டும் என்று அம்மா நினைத்தார். அவனை அப்படி வளர்த்ததே அவர்தான்.

டிக்ஸ்மைடே

இரண்டு மாதப் பயிற்சி. அக்டோபர் நடுவில் பேட்டரின் 207ஆம் ரிசர்வ் காலாட்படை ரெஜிமெண்ட் பெல்ஜியத்துக்குக் கிளம்பியது. தன்னார்வலர்களும் பயிற்சி போதாதவர்களும் நிறைந்த இத்தகைய ரிசர்வ் படைகளை ஐசர் ஆற்றங்கரையில் பெல்ஜிய, பிரெஞ்சுப் படைகளின் எதிரே ஜெர்மன் தலைமை இறக்கியது. கடற்கரைத் துறைமுகங்களைப் பிடிப்பது திட்டம். அதே மாத இறுதியில் பெல்ஜியர்கள் நியூபோர்ட்டில் மதகுகளைத் திறந்து கடல்நீரை வயல்களுக்குள் விட்டார்கள். ஜெர்மன் முன்னேற்றம் அங்கேயே நின்றது. அப்புறம் நான்கு ஆண்டுகளுக்கு இரண்டு பக்கமும் பதுங்குகுழிகளை விட்டு அதிகம் நகரவில்லை. மரண அகழி என்று அழைக்கப்படும் பெல்ஜியப் பதுங்குகுழி வரிசை டிக்ஸ்மைடே நகருக்குப் பக்கத்தில் இன்றும் பாதுகாக்கப்பட்டிருக்கிறது.

பேட்டர் வெள்ளத்தைக்கூடப் பார்க்கவில்லை. அக்டோபர் 22க்கும் 23க்கும் இடைப்பட்ட இரவில், டிக்ஸ்மைடே அருகே சுடப்பட்டு இறந்தான். போர்முனைக்கு வந்து பத்து நாள்கூட ஆகவில்லை.

அக்டோபர் 24 அன்று அவனிடமிருந்து முதல் செய்தி பெர்லினுக்கு வந்து சேர்ந்தது. பீரங்கிச் சத்தம் கேட்க ஆரம்பித்துவிட்டது என்று எழுதியிருந்தான். கேத்தே அதை நாட்குறிப்பில் பதிவுசெய்தார். எழுதிய பையன் அப்போது உயிரோடு இல்லை. அக்டோபர் 30ஆம் தேதிக் குறிப்பில் ஒரே ஒரு வரிதான்: உங்கள் மகன் வீழ்ந்தார்.

கைவிட்ட முதல் சின்னம்

முதல் சில வாரங்களில் அவர் மனதில் உருவான நினைவுச்சின்னத்துக்கும் பின்னால் கல்லில் வந்ததற்கும் சம்பந்தமே இல்லை என்று சொல்லிவிடலாம். 1914 டிசம்பரில் அவர் எழுதிய திட்டம் இது: பேட்டரின் உடல் நீட்டிக் கிடக்கும். தலைமாட்டில் அப்பா, கால்மாட்டில் அம்மா. பெர்லினுக்கு மேற்கே ஹாஃபெல் ஆற்றைப் பார்க்கும் ஷில்டுஹார்ன் மேட்டில் அதை நிறுத்த வேண்டும். அது பேட்டருக்கு மட்டுமானதாக இருக்காது. தானாக முன்வந்து உயிர் கொடுத்த எல்லா இளைஞர்களின் தியாகத்துக்கும் மரியாதையாக இருக்கும். அழகான ஒரு கோடை நாளில் திறப்பு விழா. எதிரியின் கையால் சாவதைவிட நல்ல சாவு உலகில் இல்லை என்ற பாட்டைப் பள்ளிப் பிள்ளைகள் பாடுவார்கள்.

இந்தக் கடைசி விவரம் என்னை உலுக்கியது. இதை எழுதியவர் பிற்காலத்தில் போரே வேண்டாம் என்று சுவரொட்டி வரைந்தவர். அதே கை, அதே நாட்குறிப்பு.

ஆனால் அவர் அப்படி நினைத்ததில் ஆச்சரியம் இல்லை. பிள்ளை ஒரு பெரிய காரியத்துக்காக உயிர் கொடுத்தான் என்று நம்பினால்தான் அந்தச் சாவைத் தாங்க முடியும். அந்தக் காரியமே பொய் என்று ஒப்புக்கொண்டால், வீணாகப் போன சாவுக்கு, அதுவும் தான் வாங்கித் தந்த சம்மதத்துக்கு, என்ன பதில் சொல்வது? இதில் இன்னொரு முடிச்சும் இருந்தது. பேட்டர் நம்பிக்கையோடு போனான். அவன் நம்பியதை இவர் நம்பாமல் போனால் அது அவனுக்குச் செய்கிற துரோகம் ஆகாதா? 1916இல் ஏறக்குறைய இதே சொற்களில் அவர் இறந்த மகனிடம் கேட்கிறார்: இந்தப் போரில் பைத்தியக்காரத்தனத்தை மட்டுமே இப்போது என்னால் பார்க்க முடிகிறது என்றால், பேட்டர், அது உனக்கு நான் செய்யும் நம்பிக்கைத் துரோகமா?

அதற்குள் தோழர்கள் பக்கமும் சாவு விழுந்திருந்தது. நார்வேக்குச் சேர்ந்து போன பையன்களில் எரிக் போனான், ரிச்சர்ட் போனான். இவர்கள் எல்லாம் நாட்டுப்பற்று என்ற ஒன்றுக்குத் தங்கள் உயிரைக் கீழ்ப்படுத்தினார்கள். ஆங்கிலேய, ரஷ்ய, பிரெஞ்சு இளைஞர்களும் அதையேதான் செய்தார்கள். அப்படியானால் எல்லா நாடுகளிலும் இளைஞர்கள் ஏமாற்றப்பட்டார்களா என்று எழுதுகிறார். மகனின் நேர்மையையும் போரின் பொய்யையும் ஒன்றாகவே பிடித்துக்கொண்டு நிற்க இங்கேதான் வழி கிடைக்கிறது. அவன் உண்மையானவன். அவனைப் பயன்படுத்தியவர்கள் அப்படியில்லை.

வீட்டில் பேட்டரின் அறை அப்படியே வைக்கப்பட்டிருந்தது. அவர் அங்கே போய் உட்காருவார். பிறந்தநாள் அவன் இல்லாமலே நினைக்கப்பட்டது. கிறிஸ்துமஸுக்கு அந்த அறையில் மரம் வைத்தார்கள். சிலை மட்டும் நகரவில்லை. களிமண்ணில் வைப்பார், பிடிக்காமல் விடுவார். 1919 ஜூனில் வேலையை நிறுத்தி ஓரங்கட்டிவிட்டார். திரும்பி வருவேன், இதை உனக்காகச் செய்து முடிப்பேன், உனக்காகவும் மற்றவர்களுக்காகவும் என்று குறிப்பில் சத்தியம் செய்துவிட்டுத்தான் நிறுத்தினார்.

வெளியே சொன்னது

அந்த ஆண்டுகளில் இரண்டு காரியங்கள் நடந்தன. 1918 அக்டோபரில் ஜெர்மனி தோற்பது உறுதியான நேரத்தில், கவிஞர் ரிச்சர்ட் டேமெல் ஆயுதம் தூக்க முடிந்த எல்லோரும் தாமாக வந்து கடைசி வரை போராட வேண்டும் என்று ஓர் அறைகூவல் விடுத்தார். அவர் வாய்ச்சொல் வீரர் அல்ல. 1914இல் ஐம்பது வயதில் தானே படையில் சேர்ந்தவர். கேத்தே அவருக்குச் சமூக ஜனநாயகக் கட்சியின் ஃபோர்வேர்ட்ஸ் நாளிதழில் பகிரங்கமாகப் பதில் எழுதினார். செத்தது போதும், இனி ஒருவர்கூட வீழக் கூடாது என்றார். கடைசி வரியாக ஜெர்மன் கவிஞர் கோதேயின் வாக்கியம்: விதைநெல்லை அரைக்கக் கூடாது.

நான்கு ஆண்டுகளுக்கு முன் மகனுக்காகப் பேசிய அதே தாய் இப்போது மற்ற வீட்டுப் பிள்ளைகளுக்காகப் பேசுகிறார். அனுப்பச் சொல்லியல்ல, நிறுத்தச் சொல்லி. இந்தக் கடிதத்தை அவருடைய அரசியல் மாற்றத்தின் அடையாளமாக மட்டும் பலர் பார்க்கிறார்கள். எனக்கு இது ஆகஸ்ட் 10ஆம் தேதி மாலைக்கு அவர் எழுதிய பதிலாகவே படுகிறது.

இரண்டாவது, போர் என்ற தலைப்பில் அவர் செய்த ஏழு மரச்செதுக்கு அச்சுகள். 1920இல் சிற்பி எர்ன்ஸ்ட் பார்லாக்கின் மரச்செதுக்குகளைப் பார்த்ததும் தனக்கான ஊடகம் இதுதான் என்று பிடித்துக்கொண்டார். ஏழு தாள்களிலும் பீரங்கி இல்லை, போர்க்களம் இல்லை. முதல் தாளில் ஒரு பெண் தன் கைக்குழந்தையை மேலே உயர்த்திக் கொடுக்கிறாள். தலைப்பு, பலி. இரண்டாவதில் மரணம் முரசடித்துக்கொண்டு முன்னே போகிறது; இளைஞர்கள் வாய் பிளந்து, கண் சொருகிப் பின்னால் இழுபடுகிறார்கள். மரணத்தை ஒட்டி நிற்பவன் பேட்டர். மூன்றாவதில் பெற்றோர், ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து ஒரே கறுப்புக் கட்டியாக மண்டியிட்டிருக்கிறார்கள். முதல் தாளையும் மூன்றாவது தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கொடுத்த கையும் மண்டியிட்ட உடம்பும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை.

1926, ரோகஃபெல்டு

1920களின் நடுவில் சிலை வேலையை மீண்டும் எடுத்தார். 1926 ஜூனில் கணவரும் அவரும் பெல்ஜியம் போய்ப் பேட்டரின் கல்லறையைப் பார்த்தார்கள். ஏசென் ஊருக்கு அருகே, ரோகஃபெல்டு என்ற இடம். அந்த நாளை ஹான்ஸுக்கு அவர் எழுதிய கடிதம் விவரமாகச் சொல்கிறது. கல்லறைக்கு வாசல் என்று ஒன்றும் இல்லை, வேலியில் ஒரு திறப்பு மட்டும். அதையும் முள்கம்பி அடைத்திருந்தது. ஓர் இளைஞன் அன்பாக வந்து கம்பியை வளைத்து வழிவிட்டுப் போனான். உள்ளே மஞ்சள் நிறத்தில் குட்டையான மரச் சிலுவைகள், நெருக்கி நெருக்கி. தனித்தனி மேடுகூட இல்லை. ஒவ்வொன்றிலும் பெயரும் எண்ணும் பொறித்த சிறு தகடு. தேடிப் பேட்டரைக் கண்டுபிடித்தார்கள். அங்கே பூத்திருந்த காட்டு ரோஜாச் செடியிலிருந்து மூன்று பூக்களைக் கிள்ளிச் சிலுவையின் பக்கத்தில் தரையில் வைத்தார்கள்.

அதற்கப்புறம் அவர் அந்தச் சிறிய இடத்தை ஒரு சிற்பியின் கண்ணோடு சுற்றிப் பார்த்தார். சிலைகள் எங்கே நின்றால் சரியாக வரும்? வாசலுக்கு எதிரே, வேலியை ஒட்டி வைத்தால் மண்டியிட்ட உருவங்களின் முன்னால் கல்லறை முழுவதும் இருக்கும். தன் மகன் மட்டுமல்ல, எல்லாப் பிள்ளைகளும்.

படுத்திருக்கும் மகனின் உருவம் திட்டத்திலிருந்தே போய்விட்டது. அப்பாவும் அம்மாவும் மட்டும். என் பார்வையில் இந்த நிகழ்வின் மையம் இதுதான். நம்மூர் நடுகல்லில் மாண்ட வீரன் இருப்பான். கையில் வில்லோ வாளோ இருக்கும், பெயரும் பீடும் எழுதியிருக்கும். இங்கே வீரன் இல்லை, ஆயுதம் இல்லை, புகழ்ச்சி இல்லை. அனுப்பிவிட்டு உயிரோடு இருப்பவர்கள்தான் கல்லாகியிருக்கிறார்கள். பேட்டரின் தியாகத்தைச் சிலையாக வடிக்கப் போன அம்மா, அந்த வார்த்தை மேல் நம்பிக்கை போனதும் மகனின் உருவத்தை எடுத்துவிட்டார். மிஞ்சியதில் பொய் கலக்க இடமில்லை: இரண்டு வயதானவர்கள் மண்டியிட்டிருக்கிறார்கள். மன்னிப்புக் கேட்கிறார்கள் என்று நான் வாசிக்கிறேன்.

அப்பாவுக்கு கார்லின் முகம், அம்மாவுக்கு கேத்தேயின் முகம். அப்பா முதுகை நிமிர்த்தி, கைகளால் தன்னையே இறுக்கிக் கட்டிக்கொண்டிருக்கிறார். அவள் போர்வையைச் சுற்றிக்கொண்டு முன்னால் குனிந்திருக்கிறாள். மரச்செதுக்கில் ஒட்டிக்கிடந்த இருவரும் கல்லில் தனித்தனிப் பீடங்களில், நடுவே இடைவெளி விட்டு. பிள்ளையைப் பறிகொடுத்த வீடுகளில் அப்பாவின் துக்கம் ஒரு பக்கம், அம்மாவின் துக்கம் ஒரு பக்கம் என்று கிடப்பதைப் பார்த்தவர்களுக்கு இந்த இடைவெளி புரியும். சம்மதம் கொடுக்க மறுத்தவரும் கேட்டு வாங்கியவரும் என்பதை நினைத்தால் இன்னும் புரியும். அந்த விஷயத்துக்காக கார்ல் மனைவியைக் குத்திக்காட்டியதாக நாட்குறிப்பில் நான் எங்கும் பார்க்கவில்லை.

சிலைகள் பெல்ஜியக் கருங்கல்லில் வடிக்கப்பட்டு, பெர்லினில் காட்சிக்கு வைக்கப்பட்டு, 1932 ஜூலையில் ரோகஃபெல்டுக்கு வந்தன. கணவனும் மனைவியும் கூடவே போனார்கள். பீடத்தின் உயரம், அப்பாவின் பார்வை விழும் கோணம் என்று வேலையாட்களோடு நின்று கேத்தே சரிபார்த்தார். கடைசியாக அங்கே போனதை ஆகஸ்டில் எழுதியிருக்கிறார்: பெண் சிலையின் முன் நின்றேன், என் முகமே என்னைப் பார்த்தது, அழுதேன், அவள் கன்னங்களைத் தடவிக் கொடுத்தேன். கார்ல் நெருக்கமாகப் பின்னால் நின்றிருந்தார், எனக்குத் தெரியவே இல்லை. ஆமாம், ஆமாம் என்று அவர் மெல்லச் சொன்னது காதில் விழுந்தது.

பிறகு

ஆறு மாதத்தில் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். நாஜிகளுக்கு எதிராக இடதுசாரிகள் ஒன்றுபட வேண்டும் என்ற அறிக்கையில் கையெழுத்திட்டதற்காக கேத்தே பிரஷ்யக் கலைக்கழகத்திலிருந்து விலக வைக்கப்பட்டார். கார்ல் 1940இல் இறந்தார். ஹான்ஸ் தன் மகனுக்குத் தம்பியின் பெயரையே வைத்திருந்தார். அந்த இளைய பேட்டர், 1921இல் பிறந்தவன், 1942 செப்டம்பரில் ரஷ்யாவின் ர்ஷெவ் அருகே போரில் கொல்லப்பட்டான். அதே ஆண்டின் தொடக்கத்தில்தான் பாட்டி தன் கடைசி கல்லச்சை முடித்திருந்தார். ஒரு முதியவள் மூன்று சிறுவர்களைத் தன் மேலங்கிக்குள் அணைத்துப் பிடித்திருக்கிறாள். பையன்கள் வெளியே திமிறப் பார்க்கிறார்கள். தலைப்பு, 1918 கடிதத்தின் கடைசி வரி. இந்தத் தடவை அம்மா விடுவதாக இல்லை. படத்தில் மட்டும்தான் அது முடிந்தது. 1945 ஏப்ரல் 22 அன்று, போர் முடிய இரண்டு வாரம் இருக்கும்போது, கேத்தே கோல்விட்ஸ் காலமானார்.

1950களில் பெல்ஜியத்தில் சிதறிக் கிடந்த ஜெர்மன் கல்லறைகளைச் சில இடங்களில் ஒன்றுசேர்த்தபோது பேட்டரின் எச்சங்களும் சிலைகளும் ஃப்ளாட்ஸ்லோவுக்கு மாற்றப்பட்டன. அங்கே இப்போது 25,000க்கும் மேற்பட்டவர்கள் இருக்கிறார்கள். தரையில் பதித்த சதுரக் கற்கள், ஒவ்வொன்றிலும் 20 பெயர்கள். பேட்டரின் பெயர் உள்ள கல் சிலைகளுக்கு முன்னாலேயே இருக்கிறது. 2014இல் இச்சிலைகளின் பிரதி ஒன்று ர்ஷெவில் உள்ள ஜெர்மன் போர்வீரர் கல்லறையிலும் வைக்கப்பட்டது. அந்தப் பொருத்தத்தைப் பற்றி யாரும் குறை சொல்ல மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

குறை சொல்ல வேண்டியது இன்னொன்று. 1930களின் இறுதியில் கேத்தே இறந்த மகனை மடியில் கிடத்திய தாயின் சிறிய உருவம் ஒன்றைச் செய்தார். உயரம் 38 சென்டிமீட்டர்தான். பேட்டர் இறந்து 23 ஆண்டுகள் ஆன அக்டோபர் 22 அன்று, அந்த வேலையைப் பற்றி நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். 1993இல் ஒன்றுபட்ட ஜெர்மனி அதை நான்கு மடங்கு பெரிதாக்கி, பெர்லினில் நோயே வாஹே மண்டபத்தில், போருக்கும் கொடுங்கோலாட்சிக்கும் பலியானவர்களுக்கான தேசிய நினைவிடமாக நிறுவியது. எதிர்ப்பு வந்தது. வரலாற்றாசிரியர் ரைன்ஹார்ட் கோசெலெக் கடுமையாக எழுதினார். போருக்குப் போன மகனுக்காக அழுகிற தாய், தாயோடு சேர்த்துக் கொல்லப்பட்ட யூதக் குழந்தைகளுக்கு எப்படிப் பொருந்துவாள்? கொன்றவர்களும் கொல்லப்பட்டவர்களும் ஒரே மடியில் கிடக்கலாமா? பலியான பிரிவினரைத் தனித்தனியே சொல்லும் பலகை ஒன்று வாசலில் பதிக்கப்பட்டது.

நான் எதிர்ப்பாளர்கள் பக்கம். ஃப்ளாட்ஸ்லோ சிலைகளின் பலம், யாருக்காக, யார் மண்டியிடுகிறார்கள் என்பது நமக்குத் தெரிவதில் இருக்கிறது. தான் வாங்கித் தந்த சம்மதத்தை 18 ஆண்டுகள் சுமந்து, மகனை வீரனாக்கும் வசதியைத் தானே மறுத்த ஒருத்தியின் வேலை அது. அதைச் செய்தவரின் துக்கத்தை எடுத்து ஓர் அரசு எல்லோருக்குமான பொதுத் துக்கமாக அளவு பெரிதாக்கும்போது, அந்தச் சம்மதம் காணாமல் போகிறது. யார் அனுப்பினார்கள் என்ற கேள்வியும் சேர்ந்தே போகிறது. அனுப்பியது அரசு என்பதால் அந்தக் கேள்வியை அங்கே எழுதிவைத்திருக்க வேண்டும்.